செடி காய்ந்ததா, காய்த்ததா? நீரும் தோட்டமும் சார்ந்த பலபொருள் சொற்களைப் பிரிப்பது எப்படி?

சொற்பொதி:

அனைவருக்கும் வணக்கம். தமிழை இரண்டாம் மொழியாகக் கற்கும் பெரியவர்களுக்காகச் சிறியதொரு சொற்பொருள் கையேட்டைத் தொகுத்து வருகிறேன். நீரையும் தோட்டத்தையும் பற்றிய பகுதி எளிதாக முடிந்துவிடும் என்று நம்பித்தான் அதை முதலில் எடுத்துக்கொண்டேன். நான்கு வாரங்களாகியும் அதைவிட்டு நகர முடியவில்லை.

சிக்கல் ஒரு குறுஞ்செய்தியில் தொடங்கியது. என்னிடம் கற்கும் ஒருவர், "ஐயா, எங்கள் மிளகாய்ச் செடி காய்ந்துவிட்டது!" என்று வியப்புக்குறியோடு எழுதியிருந்தார். நானும் வருத்தம் தெரிவித்து, வேரில் நீர் தேங்கியிருக்கலாம், தொட்டியை மாற்றிப் பாருங்கள் என்று நீண்ட பதில் ஒன்றை எழுதி அனுப்பினேன். மறுநாள் அவர் படம் அனுப்பியபோதுதான், செடி நிறையப் பச்சை மிளகாய்கள் தொங்குவதைக் கண்டேன். அவர் சொல்ல நினைத்தது "காய்த்துவிட்டது" என்பதை. ஒரேயோர் எழுத்து மாறியதில் விளைச்சல் சாவாகிவிட்டது.

அன்று முதல் ஒவ்வொரு சொல்லையும் ஐயத்தோடு பார்க்கிறேன். ஆறு என்பது நீரோட்டம், எண், வழி, சூடு தணிதல் என நான்காக விரிகிறது. கரை என்பது நீரின் விளிம்பு, துணியின் விளிம்பு, உப்பு நீரில் கலப்பது, காகத்தின் ஒலி. படி, திரை, துறை, பாய், கால், கொடி ஆகியவையும் இப்படியே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது, இவற்றில் பலவற்றைத் தனித்தனித் தலைச்சொற்களாக எண்ணிட்டுப் பிரிக்கிறது. சிலவற்றை ஒரே தலைச்சொல்லின் கீழ்ப் பல பொருள்களாக அடுக்குகிறது. ஒரு சொல் பல பொருள்களை ஏற்றிருக்கிறதா, அல்லது பல சொற்கள் தற்செயலாக ஒரே உருவில் வந்து நிற்கின்றனவா என்பதை, மொழியியல் படிக்காத என்னைப் போன்ற ஒருவர் எப்படி முடிவுசெய்வது? கற்பவரிடம் சொல்லக்கூடிய எளிய சோதனை ஏதேனும் உண்டா?

மெய்ப்புக்காரர்:

வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அச்சுப்படிகளைத் திருத்தியவன் என்ற முறையில், நான் நாள்தோறும் பயன்படுத்திய சோதனையைச் சொல்கிறேன். சொல்லை வெறுமனே நிற்க விடாதீர்கள். அதன்மேல் ஒரு வேற்றுமை உருபையோ காலங்காட்டும் இடைநிலையையோ ஏற்றிப் பாருங்கள். அடிச்சொல்லில் ஒளிந்திருக்கும் வேறுபாடு பெரும்பாலும் அங்கே வெளிப்பட்டுவிடும்.

உங்கள் மிளகாய்ச் செடியையே எடுத்துக்கொள்வோம். ஏவலாக நிற்கும்போது இரண்டும் "காய்" என்றுதான் இருக்கின்றன. ஆனால் வாடி உலர்வது காய்கிறது, காய்ந்தது, காயும் என்று நடக்கிறது. காய் விடுவது காய்க்கிறது, காய்த்தது, காய்க்கும் என்று நடக்கிறது. ஒன்று மெலிந்தும் மற்றொன்று வலித்தும் ஒலிக்கும். பேரகராதியும் இதைத்தான் "காய்-தல்", "காய்-த்தல்" என்று தொழிற்பெயரை வைத்துக் காட்டுகிறது. கையேட்டில் வினைச்சொற்களை அடிச்சொல்லாக மட்டும் தராமல், தொழிற்பெயரையும் இறந்தகால வடிவத்தையும் சேர்த்துத் தந்தீர்களானால், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். "படி"யும் இப்படித்தான்: குளத்தின் அடியில் வண்டல் படிந்தது, மாணவர் பாடத்தைப் படித்தார்.

இரண்டு பக்கமும் உள்வேறுபாடுகள் இருப்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நிலாக் காய்கிறது, அடுப்பருகே குளிர் காய்கிறோம், எண்ணெய் காய்கிறது, துணி காய்கிறது, நீரின்றி வயல் காய்கிறது: இவை யாவும் வெப்பம் என்ற ஒரே கருத்தின் கிளைகள். காய்ச்சலும் அந்தக் குடும்பந்தான். ஆகவே இவற்றை ஒரே தலைச்சொல்லின் கீழ் வைப்பதில் தயக்கம் வேண்டாம்.

அடுத்து ஆறு. எண்ணாகிய ஆறு உருபேற்கும்போது "ஆறில் ஒரு பங்கு" என்று இயல்பாக நிற்கிறது. நீரோடும் ஆறோ "ஆற்றில்", "ஆற்றை", "ஆற்றங்கரை" என்று றகரம் இரட்டித்து வரும். சோறு சோற்றில் என்றும் சேறு சேற்றில் என்றும் ஆவதைப் போல. எனவே எண் வேறு சொல், நீரோட்டம் வேறு சொல் என்று உறுதியாகப் பிரித்துவிடலாம். வழி என்னும் பொருள் தரும் ஆறும் றகரம் இரட்டிப்பதால், அதுவும் நீரோட்டமும் ஒரே சொல் என்பது என் கருத்து. நீர் தானே வகுத்துக்கொண்ட வழிதானே ஆறு.

சோதனைக்கு ஒரு குறளைக் கற்பவர் முன் வையுங்கள்:

அறத்தாற்றின் இல்வாழ்க்கை ஆற்றின் புறத்தாற்றில்
போஒய்ப் பெறுவ தெவன்

ஏழு சீருக்குள் மூன்று முறை "ஆற்று" வருகிறது. முதலிலும் மூன்றாவதிலும் இருப்பது வழி. நடுவில் நிற்பது "நடத்தினால்" என்னும் பொருள் தரும் வினை. நீர் ஒரு சொட்டுக்கூட இதில் இல்லை.

"நீர்" என்ற சொல்லும் இச்சோதனைக்குக் கட்டுப்படும். "நீர் வாரும்" என்று மட்டும் எழுதினால், வருவது தண்ணீரா முன்னிலையில் இருப்பவரா என்று தெரியாது போலத் தோன்றும். இரண்டாம் வேற்றுமை ஏற்றினால் ஒன்று நீரை என்றும் மற்றொன்று உம்மை என்றும் ஆகிவிடும்.

நிகண்டு வாசகி:

மெய்ப்புக்காரர் ஐயா கூறிய சோதனை மிகவும் பயனுள்ளது. அதை நானும் இனிப் பயன்படுத்துவேன். ஆனாலும் ஆற்றைப் பற்றிய முடிவில் அவரோடு உடன்பட இயலவில்லை.

நீரோட்டத்தைக் குறிக்கும் சொல் பழைய நூல்களில் "யாறு" என்றே பெரிதும் வருகிறது. "யாதும் ஊரே யாவரும் கேளிர்" என்று தொடங்கும் புறநானூற்றுப் பாட்டை அறியாதவர் இல்லை. அதன் நடுவே, பாறையில் மோதி ஒலித்துச் செல்லும் பெருவெள்ளத்தில் மிதந்து போகும் புணையை உயிருக்கு உவமையாகச் சொல்லும் இடத்தில், "மல்லற் பேர்யாற்று நீர்வழிப் படூஉம் புணைபோல்" என்று இருக்கிறது. யானை ஆனையானதும் யாமை ஆமையானதும் போல, யாறு பிற்காலத்தில் ஆறு ஆயிற்று. வழி என்னும் பொருள் தரும் சொல்லுக்கு இந்த யகரம் இல்லை. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன் மற்றொருவனை வள்ளலிடம் வழிப்படுத்தும் பாடல் ஆற்றுப்படை எனப்படுகிறதே தவிர, யாற்றுப்படை எனப்படுவதில்லை. ஆகவே உருபு ஏற்றும் சோதனை, எண்ணைப் பிரித்துக் கொடுத்ததே ஒழிய, நீரோட்டத்தையும் வழியையும் பிரிக்கத் தவறிவிட்டது. யகரம் உதிர்ந்த பிறகு இரண்டும் உருவத்தில் ஒன்றாகிவிட்டதால், அந்தச் சோதனையால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. நீர் வகுத்த வழி என்னும் விளக்கம் அழகாக இருப்பதை மறுக்கவில்லை. அழகாக இருப்பதாலேயே அதை நம்பிவிடுகிறோம்.

சோதனை முழுவதுமாகக் கைவிடும் இடம் ஒன்றும் உண்டு. உப்பு கரைந்தது, காகம் கரைந்தது. உருவத்தில் எள்ளளவும் வேறுபாடில்லை. இங்கே பிறவினையாக்கிப் பார்ப்பது உதவும். உப்பைக் கரைத்தாள் என்று சொல்லலாம். காகத்தைக் கரைத்தாள் என்றால் அது வேறு கதையாகிவிடும்.

தொல்காப்பியர் இந்தக் கேள்வியைச் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்திலேயே எடுத்துக்கொள்கிறார். பலபொருள் ஒருசொல்லை, வினையால் வேறுபடுவது, வினையால் வேறுபடாதது என்று இரண்டாகப் பிரிக்கிறார். உரைகளில் இதற்குக் காட்டப்படும் எடுத்துக்காட்டு, உங்கள் தோட்டப் பகுதிக்கென்றே அமைந்ததுபோல் இருக்கும். "மா" என்பது மரத்தையும் குறிக்கும், விலங்கையும் குறிக்கும். மா பூத்தது என்றால் மரம். மா ஓடிற்று என்றால் விலங்கு. வினையே பொருளை முடிவுசெய்துவிடுகிறது. ஆனால் மா வீழ்ந்தது என்றால், மரமும் விழும், விலங்கும் விழும். அத்தகைய இடத்தில் எது என்பதை வெளிப்படையாகக் கிளந்து, மாமரம் வீழ்ந்தது என்றே சொல்லவேண்டும் என்பது அவர் விதி. எனவே ஒவ்வொரு தலைச்சொல்லுக்கும், பொருளை விளக்கும் தொடரோடு, பொருளைப் பிரிக்கும் வினையையும் தாருங்கள் என்பது என் வேண்டுகோள்.

பழைய நிகண்டுகள் வேர் பார்த்துப் பிரிக்கவில்லை. சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி முழுவதும் ஒருசொற் பல்பொருட் பெயர்களுக்கு உரியது. அதில் சொற்கள் முதலெழுத்தை வைத்து அல்லாமல், இரண்டாம் எழுத்தாகிய எதுகையை வைத்து அடுக்கப்பட்டிருக்கும். மனப்பாடம் செய்வோருக்காக அமைந்த வரிசை அது.

சொற்பொதி:

இருவருக்கும் மிக்க நன்றி. யாற்றைப் பற்றி நான் அறிந்திருக்கவில்லை. கையேட்டில் ஆறு இனி நான்கு தலைச்சொற்களாக இருக்கும்.

கூட்டுச்சொற்களில் இன்னொரு தடை இருக்கிறது. வாய்க்கால் என்ற சொல்லைப் படத்தோடு விளக்கச் சொன்னபோது, கற்பவர் ஒருவர் ஒரு வாயையும் ஒரு காலையும் வரைந்து, நடுவில் கூட்டல் குறி போட்டுக் கொடுத்தார். சிரித்துவிட்டேன். ஆனால் விளக்கத் தொடங்கியபோது எனக்கே தெளிவில்லை. வாய்க்காலும் கால்வாயும் ஒரே இரண்டு சொற்கள் இடம் மாறி நிற்பவை தாமே?

மெய்ப்புக்காரர்:

அம்மையார் கூறியதை ஏற்றுக்கொள்கிறேன். பேர்யாற்றை எத்தனையோ முறை மெய்ப்புப் பார்த்திருக்கிறேன்; அதிலிருந்த யகரம் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் போயிருக்கிறது.

வாய்க்காலில் வரும் கால் உடலுறுப்பு அன்று. நீரோடும் தடம் என்பது அதன் பொருள். வாய் என்பது திறப்பு, வழி. வாயில் என்னும் சொல்லிலும், கிணற்றின் வாய், குடத்தின் வாய் என்னும் வழக்குகளிலும் இருப்பது அதே திறப்புதான். நீங்கள் சொன்னதுபோல உறுப்புகள் இடம் மாறினாலும் கருத்து ஏறத்தாழ ஒன்றே. இன்றைய வழக்கில் பெரியதைக் கால்வாய் என்றும், வயலுக்குள் கிளைத்துச் செல்லும் சிறியதை வாய்க்கால் என்றும் சொல்லும் போக்கு காணப்படுகிறது. அந்த மாணவரின் படத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வாயை மட்டும் வைத்துக்கொண்டு, காலை அடித்துவிட்டால் பாதி சரியாகிவிடும்.

தோட்டத்திலிருந்து பாத்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாத்தல் என்றால் பகுத்தல். "பழியஞ்சிப் பாத்தூண் உடைத்தாயின்" என்னும் குறளில் பாத்தூண் என்பது பகுத்து உண்பது. மண்ணை வரப்பிட்டுப் பகுத்ததால் அது பாத்தி. உணவைப் பகிர்வதும் நிலத்தைப் பிரிப்பதும் ஒரே சொல்லில் நிற்பதைக் கற்பவர்கள் மறக்கமாட்டார்கள்.

யாப்பு மாணவி:

இந்த உரையாடலைப் படித்துக்கொண்டிருந்தபோது, நான் நாள்முழுவதும் ஒரு தோட்டத்திற்குள்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்பது திடீரென்று உறைத்தது. யாப்பிலக்கணத்தில் சீர்களுக்குரிய வாய்பாடுகள் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்று மரங்களின் பெயர்களாகவே இருக்கின்றன. கூவிளம் என்பது வில்வம். மூவசைச் சீர்களுக்கு இவற்றோடு காயும் கனியும் சேர்ந்து தேமாங்காய், தேமாங்கனி ஆகும். நான்கசைக்குப் போனால் பூவும் நிழலும் வந்துவிடும். வெண்பாவில் காய்ச்சீர் வரலாம், கனிச்சீர் வரக்கூடாது என்று முதன்முதலாகக் கேட்டபோது, பழுத்தது ஏன் ஆகாது என்று நான் உண்மையாகவே ஆசிரியரைக் கேட்டிருக்கிறேன். வெண்பாவின் ஈற்றுச் சீருக்கான நான்கு வாய்பாடுகளில் ஒன்றின் பெயர் மலர்.

மலர் என்றதும் அச்சுத்துறை நினைவுக்கு வருகிறது. பருவ வெளியீடுகளின் முகப்பில் "மலர் 12, இதழ் 4" என்று அச்சிடுவார்கள்; பன்னிரண்டாம் ஆண்டின் நான்காவது வெளியீடு என்பது அதன் பொருள். பூவுக்குள் பல இதழ்கள் இருப்பதைப்போல ஓராண்டுக்குள் பல வெளியீடுகள். இதழ் என்பது உதடும் ஆகும். கடிதமாகிய மடலும் ஓலையும், எழுதும் ஏடும் தாளும் செடிகொடிகளிலிருந்து வந்தவையே. கதிரறுத்த பின் வயலில் நிற்கும் நெல்லின் அடித்தண்டும் தாள்தான். கதவுக்குப் போடும் தாளை இதில் சேர்த்துவிடாதீர்கள். அதன் பழைய வடிவம் தாழ்.

நீர்ப்பூக்கள் இன்னும் பெரிய வேலை செய்திருக்கின்றன. பரிபாடலின் இரண்டாம் பாடலில் நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் ஆகியவை பேரெண்களின் பெயர்களாக வருகின்றன. எண்ணிச் சொல்ல முடியாத காலப்பரப்பைச் சொல்ல வந்த புலவர், குளத்தில் இருப்பவற்றின் பெயர்களை எடுத்துக்கொண்டிருக்கிறார். தொல்காப்பிய எழுத்ததிகாரம், ஐ, அம், பல் என்று முடியும் எண்ணுப்பெயர்களைப் பற்றிப் பேசுகிறது. தாமரை, வெள்ளம், ஆம்பல் என்று உரைகள் அவற்றை விளக்குகின்றன. உங்கள் கையேட்டுக்கு இது தேவைப்படாது என்பது தெரியும். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நிகண்டு வாசகி:

மாணவி சேர்த்தவை அருமை. இறுதியாக ஓர் எச்சரிக்கையும், துறை பற்றிய ஒரு குறிப்பும் தந்து நிறுத்திக்கொள்கிறேன்.

கற்பவர்களுக்குச் சொல்லின் வரலாற்றைக் கதையாகச் சொன்னால் நினைவில் நிற்கும் என்பது உண்மை. அதனாலேயே பொய்க்கதைகளும் நின்றுவிடுகின்றன. வெள்ளத்தில் மூழ்கி மடையைத் திறந்தவரை மடையர் என்றார்கள், அதிலிருந்தே வசைச்சொல் பிறந்தது என்னும் கதை கைபேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அறியாமையைக் குறிக்கும் மடம், மடமை ஆகியவை அருகிலேயே இருக்கும்போது, வசைக்கு நீர்நிலை வரை போகவேண்டியதில்லை. நீர் திறக்கும் மடையும், மடைப்பள்ளியில் சமைக்கும் மடையும் கையேட்டில் வேறு வேறு இடங்களில் இருக்கட்டும்.

துறை அப்படியன்று, அதில் ஒவ்வொரு படியும் கண்ணுக்குத் தெரிகிறது. நீரில் இறங்குவதற்கும் கலம் ஏறுவதற்கும் கரையில் அமைந்த இடம் துறை. ஒவ்வொருவரும் தமக்குரிய துறையில் இறங்குவதால், அறிவின் பிரிவும் நிருவாகத்தின் பிரிவும் துறையாயின. ஒன்றை முற்றக் கற்றவரைத் துறைபோகியவர் என்று சொல்லும் மரபில், நீரைக் கடந்து அக்கரை சேரும் காட்சி இன்னும் அழியாமல் இருக்கிறது. இவை யாவும் ஒரே தலைச்சொல்லின் கீழ் வரவேண்டும்.

தண்ணீரையும் மறந்துவிடாதீர்கள். தண்மையான நீர் தண்ணீர். அதன் குளிர்ச்சி தேய்ந்து போனதால்தான், சுடுதண்ணீர் என்று முரண்பாடு தோன்றாமல் சொல்கிறோம். காய்ச்சாததைப் பச்சைத் தண்ணீர் என்கிறோம். அங்கே பச்சை என்பது நிறம் அன்று, சூடு படாத தன்மை. தண்ணீர் காட்டுவது என்றால் மாட்டுக்கு நீர் வைப்பதும் ஆகும், பிடிபடாமல் ஏய்ப்பதும் ஆகும், இரண்டையும் எடுத்துக்காட்டுத் தொடரோடு தராவிட்டால், உங்கள் மாணவர் யாரையேனும் மிகுந்த அன்போடு "உங்களுக்குத் தண்ணீர் காட்டட்டுமா?" என்று கேட்டுவிடுவார்.

சொற்பொதி:

கடைசி வரியைப் படித்ததும் அந்தத் தொடரை உடனே சேர்த்துவிட்டேன்.

மூவர் கூறியவற்றையும் வைத்து, முதல் தலைச்சொல்லைத் திருத்தி எழுதியிருக்கிறேன். "காய்-தல் (காய்ந்தது): வெப்பம் ஏறுதல், உலர்தல், வாடுதல், ஒளிவிடுதல். எண்ணெய் காய்ந்தது, துணி காய்ந்தது, செடி காய்ந்தது, நிலாக் காய்ந்தது." அடுத்த தலைச்சொல்: "காய்-த்தல் (காய்த்தது): காய் விடுதல். செடி காய்த்தது." மூன்றாவதாகப் பெயர்ச்சொல்: "பழுக்காதது, ஆட்டப் பலகையில் நகர்த்தப்படுவது." செடி என்னும் ஒரே எழுவாய் இரண்டு வினைகளோடும் வருமாறு வேண்டுமென்றே அமைத்திருக்கிறேன். மா வீழ்ந்தது போலக் குழப்பம் தரும் தொடரைத்தான் முதலில் காட்டவேண்டும் என்று தோன்றியது.

இதை அந்த மாணவருக்கே முதலில் அனுப்பி, மிளகாய்ச் செடி எப்படி இருக்கிறது என்றும் விசாரித்தேன். "காய்த்து முடித்துக் காய்ந்துவிட்டது, ஐயா" என்று பதில் வந்திருக்கிறது. தொட்டியை மாற்றுவது பற்றி நான் எழுதிய பழைய பதிலை மீண்டும் அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.